இறாலுக்கும் இறுதிக்கும் நடுவில்

ஓதங்கரை நாட்டு அகராதியில் 'இ' வரிசையைப் புரட்டினால், 'இறால்' என்ற சொல்லுக்கும் 'இறுதி' என்ற சொல்லுக்கும் நடுவில் மூன்று வரி வெறுமையாகக் கிடக்கும். விரலால் தடவினால் அந்த இடத்தில் காகிதம் மெலிந்து சொரசொரவென்று இருக்கும். சுரண்டியது நான்தான். அகராதி மண்டபத்தில் பதினோரு வருடம் படியெடுக்கும் வேலை பார்த்தேன். ஓதங்கரை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேட வேண்டாம், கிடைக்காது. இங்கே வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக உங்கள் அகராதியை வாங்கிப் பார்த்தேன். 'இறுக்கம்' என்ற சொல் உங்களிடம் இன்னும் இருக்கிறது. அந்த வரியில் மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் பிறந்தவர் எல்லோருக்கும் இடுப்பில் ஒரு கயிறு உண்டு. அரைஞாண் மாதிரிதான். ஆனால் கட்டுவது மாமனோ அத்தையோ இல்லை, அரசாங்கம். எப்போதோ ஒரு பெரும்புயல் வந்தபோது நாட்டை ஆண்ட முதல் பெருமகனார் ஜனங்களை எல்லாம் நீளக் கயிற்றால் கோயில் தூண்களோடு சேர்த்துக் கட்டினாராம். கட்டுப்பட்டவர்கள் பிழைத்தார்கள். புயல் போயிற்று, கடல் வடிந்தது, கயிறு மட்டும் போகவில்லை. 'கயிறே காவல்' என்று எல்லாச் சுவரிலும் எழுதி வைத்திருப்பார்கள். எந்தப் புயலுக்குக் காவல் என்று கேட்டால், வரப்போகிற புயலுக்கு என்பார்கள். நூற்று நாற்பது வருடமாக அது வந்துகொண்டே இருக்கிறது. கயிற்றின் முடிச்சில் ஈய முத்திரை பதித்திருக்கும். முத்திரை உடைந்தால் குடும்பத்தோடு உப்புத் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இது சட்டமில்லை, மரியாதை. உங்கள் ஊரில் பெரியவர்களைக் கண்டால் கை கூப்புகிறீர்கள். நாங்கள் வயிற்றை எக்கி, மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் கடந்து போகிறவரை விட மாட்டோம். நடை பழகுவதற்கு முன்பே குழந்தைகளுக்கு இதைப் பழக்கிவிடுவார்கள். தப்பித்தவறி எவனாவது மூச்சு விட்டுக்கொண்டு நின்றால், "வயித்தக் காட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்பார்கள். அதைவிடக் கேவலமான ஏச்சு எங்களிடம் கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை விரலளவு நடக்கும். ஊர் மைதானத்தில் அளவை அமைச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் வரிசையாக அவர் முன்னால் வந்து நிற்பார்கள். விரலளவர் என்று ஒரு சேவகர், கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்து, எத்தனை விரல் நுழைந்தது என்று உரக்கச் சொல்வார். ஒரு விரல் என்றால் சரி. அதற்கு மேலே போனால் தளர்வு. தளர்வாக இருப்பவன் புயலில் நழுவிப் போய்விடுவானாம். அதனால் மிச்சக் கயிற்றை இழுத்துச் சுருக்கிப் புது முத்திரை பதிப்பார்கள். இதற்குக் கயிறு சீராக்கல் என்று பெயர்.

அமைச்சர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எவன் வயிற்றைத் தளர விட்டுக்கொண்டு நிற்பான்? எல்லோரும் எக்கித்தான் நிற்பார்கள். எல்லோருக்கும் இரண்டு விரல், இரண்டரை விரல் என்று தளர்வு வரும். வருடா வருடம் சீராக்கல் நடக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் தலைமுறை தலைமுறையாகப் புரியவில்லை. புரிந்த சிலருக்கோ, அமைச்சர் முன்னால் வயிற்றைப் பற்றி வாய் திறக்க வெட்கம். நானும் அந்தச் சிலரில் ஒருவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் விரலளவர் பெயர் இருளாண்டி. சபையில் இருப்பவர்களை விட்டால், எக்கி நிற்கும் கூட்டத்தில் மூச்சு விட்டுப் பேச அனுமதி உள்ள ஒரே குடிமகன் அவன்தான். எண்ணைச் சொல்ல வேண்டுமே. மெலிந்த ஆள், அதிர்ந்து பேச மாட்டான். அவன் மனைவி அழகுநாச்சி கடற்கரைக் கொட்டகையில் இறால் உரிக்கிறவள். இரண்டு பேரும் எனக்கு அடுத்த வீடு.

நான் மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் ஜனங்களால் தாங்க முடியாமல் போயிற்று. பாதிச் சோற்றிலேயே கை கழுவினார்கள். கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க முடியாமல் காலால் தள்ளிக்கொண்டே வீடு வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் கடையில், கிணற்றடியில், எங்கே போனாலும் "இறுக்கமா இருக்கு, தாங்க முடியல" என்ற ஒரே பேச்சு. பேச்சு பெருமகனார் காதுக்குப் போயிற்று.

பெருமகனார் கெட்டவர் இல்லை. கேட்டதும் பதறித்தான் போனார். அவர் இடுப்பிலும் கயிறு உண்டு, அவருக்கும் வருடா வருடம் அளவு உண்டு. ஆனால் அவருக்கு மேலே ஆள் கிடையாது. யாருக்காக எக்குவார்? மூச்சை விட்டுச் சாதாரணமாக நிற்பார், ஒரு விரல் நுழையும், சரி என்று விட்டுவிடுவார்கள். அதனால் அவர் கயிறு முப்பது வருடமாகச் சுகமாக இருந்தது. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர் சபையில் சொன்னது சத்தியமான வார்த்தை.

விசாரிக்கச் சொல்லி அளவை அமைச்சர் பரிதிநம்பியை அனுப்பினார். பெருமகனார் முன்னால் எக்கி எக்கி நின்றதில் பரிதிநம்பியின் கயிறு நாட்டிலேயே அதிகம் சுருங்கிய கயிறு. முகம் எப்போதும் சிவந்தே இருக்கும். அதை வீரம் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்தார்.

"பதினேழாயிரம் வயிறுகளை நேரில் பார்வையிட்டேன், பெருமகனாரே. விரல் நுழையாத கயிறு ஒன்றுகூட இல்லை. சராசரித் தளர்வு இரண்டே முக்கால் விரல். இறுக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் நம் நாட்டில் தென்படவில்லை."

"அப்படியென்றால் மக்கள் ஏன் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்?"

"சொல் இருக்கிறது, ஆகவே சொல்கிறார்கள்."

சபையில் இருந்த எங்கள் மண்டபத் தலைவர் கூத்தனார் அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பது வருடம் சொற்களோடு வாழ்ந்த மனிதர். "பொருளே இல்லாத சொல்லை அகராதியில் வைத்திருப்பது, ஆள் இல்லாத வீட்டுக்கு விளக்கேற்றுவது மாதிரி. எண்ணெய்தான் வீண். அனுமதி கொடுத்தால் அப்புறப்படுத்திவிடலாம்" என்றார். பெருமகனார் பெருமூச்சு விட்டார். அந்தச் சபையில் பெருமூச்சு விட முடிந்தவர் அவர் ஒருவர்தான். சரி என்று தலையாட்டினார்.

அன்று பிற்பகல் கத்தியைக் கையில் கொடுத்து என்னைச் சுரண்டச் சொன்னார்கள். இறுக்கம், இறுக்கு, இறுகு என்று மூன்றையும் சுரண்டினேன். மனம் துடித்தது, கை நடுங்கியது என்றெல்லாம் சொன்னால் பொய். நல்ல கத்தி, வேலை சுத்தமாக முடிந்தது.

சொல் இல்லாமல் ஜனங்கள் தவிக்கக் கூடாது என்று அதற்குப் பதிலாக ஒரு சொல்லும் கொடுத்தார்கள். 'விசுவாசம்'. எப்படி வழங்க வேண்டும் என்று மண்டபத்திலிருந்து ஒரு கைப்புத்தகம் போயிற்று, நான்தான் படியெடுத்தேன். ஜாடி மூடி திறக்க வராவிட்டால் மூடி விசுவாசமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செருப்பு கடித்தால் செருப்பு விசுவாசமாக இருக்கிறது. வண்டியில் பத்துப் பேர் நெருக்கியடித்து வந்தால் விசுவாசமாக வந்தோம். கயிற்றைப் பற்றிய உதாரணம் மட்டும் புத்தகத்தில் இல்லை. தேவை வராது என்று கூத்தனார் சொல்லிவிட்டார்.

முதலில் சிரித்தோம். "கக்கத்துல ரொம்ப விசுவாசமா இருக்குண்ணே, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு ஆளாளுக்குச் சிரித்தோம். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு வருடத்தில் பிள்ளைகள் சிரிக்காமலே அதைச் சொல்லின. இடுப்பில் இருந்த வேதனைக்குத்தான் பெயர் இல்லாமல் போயிற்று. வைத்தியரிடம் போனவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு "என்னவோ பண்ணுது" என்றார்கள். எங்கே, எப்படி என்று கேட்டால், "தெரியல, என்னவோ பண்ணுது" என்பார்கள். வைத்தியரும் அந்த அளவோடு விட்டுவிட்டார். அவருக்கும் என்னவோ பண்ணியது.

இந்தச் சமயத்தில்தான் அழகுநாச்சி உண்டானாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். இருளாண்டி தெருவில் எல்லோரிடமும் நின்று பேசியதை அப்போதுதான் பார்த்தேன்.

முன்பெல்லாம் ஐந்தாம் மாதம் வந்தால் கர்ப்பிணிகளுக்குக் கயிற்றை அவிழ்த்து நீட்டிக் கட்டிவிடுவார்கள். 'இறுக்க நீக்க விண்ணப்பம்' என்று அதற்கு ஒரு படிவம் இருந்தது. அகராதியில் இல்லாத சொல்லை அரசாங்க அச்சகம் அச்சடிக்காது. அதனால் படிவம் நின்றது. படிவம் நின்றதால் நீட்டிக் கட்டுவதும் நின்றது. வேண்டுமென்றே யாரும் நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆறாம் மாதம் ஒருநாள் கொட்டகையிலிருந்து நேரே என் வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் இறால் ஓடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சொல்லு பூராவும் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு மனு எழுதித் தாங்க."

"என்னன்னு எழுதணும்மா?"

"குந்தி உக்காந்து உரிக்கையில கயிறு நேரா பிள்ளை மேல ஏறுது. உள்ள இருந்து எத்துது. நல்லாயிருக்கையில எத்துறது வேற, இது வேறண்ணே. இடம் பத்தலன்னு எத்துது." விரலில் ஒட்டியிருந்த ஓட்டைப் பிய்த்துப் போட்டாள். "அந்தச் சொல்லு இருந்துச்சே, அத எழுத முடியாதா?"

"அத எழுதுனா மனுவ வாங்கவே மாட்டாங்க."

வேறு சொற்களை வைத்து எழுதினேன். கயிறு கருவை அழுத்துகிறது என்று எழுதினேன். 'அழுத்து' அப்போது அகராதியில் இருந்தது. எட்டு நாளில் பதில் வந்தது. 'அழுத்துதல் என்பது இரு பொருள்களுக்கு இடையே இடைவெளி அற்ற நிலை. இடைவெளி உண்டா இல்லையா என்பது அளந்து முடிவு செய்யப்படும். மனுதாரர் அமைச்சர் முன்னிலையில் ஆஜராகவும்.'

நல்ல பதில் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். விரல் நுழையாது. நுழையவில்லை என்றால் நீட்டிக் கட்டியாக வேண்டும். அளக்கப்போவதும் இருளாண்டிதான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அங்க போயி எக்காத. அவரு என்ன மொறச்சாலும் சரி, மூச்ச விட்டுக்கிட்டே நில்லு" என்று அவன் அவளிடம் சொன்னான். என் முன்னால்தான் சொன்னான். ஜாடைமாடையாக இல்லாமல் ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே கூச்சமாக இருந்தது.

"எக்க மாட்டேன். எம் பிள்ளைக்காக நிப்பேன்" என்றாள் அழகுநாச்சி.

ஆஜராகும் நாள் ஏழாம் மாதத்தில் வந்தது. மனு எழுதியவன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். பரிதிநம்பி மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போனாள். அவர் தலையை நிமிர்த்தினார்.

"நீதான் மனுதாரரோ? அளவரே, ஆகட்டும்."

இருளாண்டி விரலை நீட்டிக்கொண்டு குனிந்தான். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாத வயிறு, ஐயோ, உள்ளே போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண் பிதுங்கி, அவளுக்கே நம்ப முடியாத முகத்தோடு நின்றாள். இருளாண்டியின் விரல் நுழைந்தது. அவன் நிமிரவே இல்லை. குனிந்தபடியே நின்றான்.

"எத்தனை, அளவரே?"

"ஒரு விரல், ஐயா."

அவன் சொன்னது பொய் இல்லை. ஒரு விரல்தான் இருந்தது.

"சட்டப்படி சரியாக இருக்கிறது. பிள்ளையும் சட்டத்துக்குள்ளேயே வளர்வது மகிழ்ச்சி" என்று சொல்லி அமைச்சர் மனுவின் மேல் முத்திரை குத்தினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"எக்கக் கூடாதுன்னுதாண்ணே போனேன். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு போனேன். அவரு நிமிந்து பாத்ததும் வயிறு தானா உள்ள போயிருச்சு. நான் செய்யலண்ணே. அதுவா போயிருச்சு." பிறகு புருஷனைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயி அறுத்துருங்க."

"முத்திரை ஒடஞ்சா உப்புத் தீவு. அங்க பொறந்தா பிள்ளை நாக்க நனைக்கத் தண்ணி கிடையாது, நாச்சி."

"இங்க பொறக்கணும்ல மொதல்ல."

அன்று சாயங்காலம் அவன் இறால் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. தீட்டினான், தீட்டினான், தீட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் சத்தம் நின்றது. நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கத்தியைக் கூரையில் செருகுகிற சத்தம்தான் கேட்டது.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் கொட்டகையிலேயே வலி கண்டது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். பெண் குழந்தை. அது மூச்சு விடவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்கள், வாயில் வாய் வைத்து ஊதினார்கள். அழகுநாச்சி, "எங்கிட்டக் குடுங்க, எங்கிட்டக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கொடுத்த பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம்.

எங்கள் நாட்டில் பிரசவம் ஆனால் ஒரு நாழிகைக்குள் கயிறு கட்டும் அதிகாரி வந்துவிடுவார். இதில் மட்டும் அரசாங்கம் தாமதிப்பதே இல்லை. வந்தவர் குழந்தைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். அது வழக்கமான சோதனை. எல்லாக் குழந்தையும் வீறிட்டு அழும். அதிகாரி ஏட்டில் 'மரியாதை பின்னர் கற்பிக்கப்படும்' என்று எழுதிவிட்டுப் போவார். இந்தக் குழந்தை அழவில்லை. வயிறு ஒட்டி, உதடு மூடி, அவர் முன்னால் அப்படியே கிடந்தது. அவருடைய ஏட்டில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. மூச்சு விட்டதா, அடக்கியதா? அவர் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார். குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டி ஈயம் பதித்தார். அந்தக் கயிற்றோடுதான் புதைத்தோம்.

கையோடு அழகுநாச்சியையும் அளந்தார்கள். பிள்ளை போன வயிற்றில் நான்கு விரல் தளர்வு இருந்தது. அதைச் சீராக்கினார்கள்.

ஏடு மேலிடத்துக்குப் போயிற்று. பிறந்த கணத்திலிருந்தே அதிகாரி முன் மூச்சடக்கிய முதல் குடிமகள். நாட்டின் சரித்திரத்தில் அப்படி ஒரு பதிவு இருந்ததில்லை. பெருமகனார் அதைப் படித்துக் கண் கலங்கினார் என்று கூத்தனார் மண்டபத்தில் வந்து சொன்னார். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஏட்டில் கட்டம் இல்லை. பெருமகனாரும் கேட்கவில்லை. தாய்க்குச் செப்புப் பட்டயம் கொடுத்து மரியாதை செய்வது என்று முடிவாயிற்று. குறைகேள் நாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

குறைகேள் நாள்தான் எங்கள் தேர்தல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெருமகனார் மைதானத்து மேடையில் ஏறி, "என் ஆட்சியில் யாருக்காவது குறை உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். ஒரே ஒருவர் உண்டு என்று சொன்னாலும் அவர் இறங்கிவிட வேண்டும். அவ்வளவு நேர்மையான தேர்தல் வேறெங்கும் நடக்காது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கேட்பவர் பெருமகனார். எதிரே நாற்பதாயிரம் பேர் எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மூச்சை விடாமல் ஒரு சொல்லைச் சொல்ல முடியுமா என்று நீங்களே முயன்று பாருங்கள். ஏழு பெருமகனார்களும் இப்படித்தான் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

அன்று மேடையில் பெருமகனார், அமைச்சர், கூத்தனார். ஓரத்தில் பதிவேட்டோடு நான். படிக்கட்டில் இருளாண்டி, கூட்டத்திலிருந்து ஏதாவது குரல் வந்தால் அதை உரக்கத் திருப்பிச் சொல்வதும் விரலளவர் வேலை என்பதால். பேச அனுமதி உள்ளவன் அவன்தானே. மேடைக்கு எதிரே, முதல் வரிசையில், பட்டயத்துக்காக அழைத்து வரப்பட்ட அழகுநாச்சி.

"யாருக்காவது குறை உண்டா?" என்று பெருமகனார் முதல் முறை கேட்டார். காற்றில் கொடித்துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது அழகுநாச்சி மூச்சை விட்டாள்.

அவ்வளவு பெரிய மைதானத்தில் அது நன்றாகக் கேட்டது. அவள் வயிறு தளர்ந்து கயிற்றுக்கு மேலும் கீழும் பிதுங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் மூச்சை விடாமலே இரண்டடி விலகினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பெருமகனாரை நேராகப் பார்த்து, மனுவில் நான் எழுத மறுத்த சொல்லைச் சொன்னாள்.

"இறுக்கம்."

பெருமகனார் காது கொடுத்துக் கேட்டார். முகத்தைச் சுளிக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் நான் சொல்கிறேன், அவர் கெட்டவர் இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"அந்த அம்மா என்ன சொன்னார்?"

கூத்தனார் பணிவோடு அகராதியைப் புரட்டிக் காட்டினார். இறால் இருந்தது, இறுதி இருந்தது. "அவர் எழுப்பிய ஒலி சொல் அல்ல, பெருமகனாரே. என்ன ஒலி என்று அளவரைக் கேட்கலாம்." ஒருவன் வாய் திறந்தால் போதும், ஆட்சி இறங்கிவிடும். நாற்பதாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருளாண்டியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் அந்தச் சொல் தெரியும், எழுத்து எழுத்தாகத் தெரியும். நான் எக்கிக்கொண்டு நின்றேன்.

இருளாண்டி மனைவியைப் பார்த்தான். அவள் அவனைத் தூண்டவில்லை, கெஞ்சவுமில்லை. அவன் சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டு நின்ற மாதிரிதான் எனக்குப் பட்டது. அவன் மேடைப் பக்கம் திரும்பினான்.

"இருமுனா, ஐயா."

பெருமகனார் முகம் தெளிந்தது. "பாவம், கடல் காற்று. யாராவது வெந்நீர் கொடுங்கள்" என்றார். பிறகு மூன்றாம் முறை கேட்டார். நான் பதிவேட்டில் எழுதினேன். 'குறை: இல்லை. இருமல்: ஒன்று.' பட்டயத்தை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்து போனாள். இருளாண்டியோடு அவள் அப்புறம் பேசவே இல்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சோறு போட்டு வைப்பாள், எடுத்துச் சாப்பிடுவான்.

அடுத்த விரலளவு வந்தது. அமைச்சர் முன்னால் எக்கி நின்ற வரிசையில், நடுவிலிருந்து ஒருவர் இருமினார். சின்ன இருமல். அவ்வளவுதான், மறுபடி அமைதி. பிறகு வரிசைக் கடைசியில் ஒருவர். நான்கு நாளில் மீன் கடையில் இருமல், கிணற்றடியில் இருமல். சளிக்காலமும் இல்லை. ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் அவரைத் திரும்பிப் பார்த்து மெதுவாகத் தலையாட்டுவார். எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் கூத்தனார் என் மேசைக்கு வந்தார். ஓதங்கரையில் நோய் எதுவும் இல்லை என்று வைத்தியக் குழு அறிக்கை கொடுத்துவிட்டதாம். ஆகவே பொருள் இல்லாத இன்னொரு சொல் அகராதியில் வீணாகக் கிடக்கிறதாம். கத்தியை மேசை மேல் வைத்தார். 'இ' வரிசையை விரித்து, 'இருமல்' இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

சுரண்டி முடிக்கிறவரை அவர் என் பின்னாலேயே நின்றார். பெரிய மனிதர், வயதில் மூத்தவர். அதனால் நான் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சுரண்டினேன்.